பிள்ளை குளிசையை விழுங்கிவிட்டால் என்ன பரிசோதனை செய்வார்கள்?

இந்த முறை பகுதி முழுவதையும் ஒரே விடயத்துக்கு ஒதுக்கியிருக்கிறேன். வீட்டில் பெரியவர்களுக்கென்று இருக்கும் மருந்தைச் சிறு பிள்ளை எடுத்து விழுங்கிவிடுவது பற்றித்தான். அண்மையில் வந்த கடிதங்கள் பலவற்றில் ஒரே குழப்பத்தைப் பார்த்தேன்: வைத்தியசாலையில் ஏன் இந்தப் பரிசோதனையைச் செய்தார்கள், ஏன் அதைச் செய்யவில்லை, ஏன் காக்க வைத்தார்கள்? அனுப்பியவர்களின் பெயரை விட்டு இடத்தை மட்டும் போட்டிருக்கிறேன். இதை வாசிக்கும் இந்த நேரத்திலேயே உங்கள் பிள்ளை எதையாவது விழுங்கியிருந்தால் மேற்கொண்டு வாசிக்க வேண்டாம். 1990க்கு அழையுங்கள், அல்லது கிட்டிய வைத்தியசாலைக்கு உடனே கிளம்புங்கள்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய்:

என் மகனுக்கு இரண்டு வயது, பன்னிரண்டு கிலோ. அம்மம்மாவின் சீனி வருத்தக் குளிசைகள் கட்டிலில் சிதறிக் கிடந்தன, இவன் எதையோ மென்றுகொண்டு நின்றான். ஒன்று குறைந்த மாதிரி இருந்தது, ஆனால் நிச்சயமில்லை. வைத்தியசாலையில் விரலில் குத்திப் பார்த்தபோது சீனி சரியாக இருந்தது. பிள்ளையும் ஓடி விளையாடினான். அப்படியிருந்தும் வார்ட்டில் நிறுத்தி விடிய விடியக் குத்திக் குத்திப் பார்த்தார்கள். இது தேவைதானா? எல்லா விஷத்தையும் காட்டும் முழு இரத்தப் பரிசோதனை ஒன்றை ஒரேயடியாகச் செய்திருக்கலாமே?

பதில்: தேவைதான் அம்மா, நூறு வீதம் தேவை. அந்த வார்ட்டில் இருந்தவர்கள் செய்ய வேண்டியதையே செய்திருக்கிறார்கள்.

சீனி வருத்தத்துக்குக் கொடுக்கும் குளிசைகள் எல்லாம் ஒரே வகை இல்லை. மெட்போமின் என்பது ஒரு வகை, ஒன்றிரண்டை ஒரு பிள்ளை விழுங்கினால் பெரும்பாலும் பெரிய ஆபத்து வராது. கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட், டொல்பியூட்டமைட் போன்றவை வேறு வகை. இவை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கின்றன, சீனி வருத்தமே இல்லாத ஒரு சின்னப் பிள்ளையின் உடம்பில் அந்த இன்சுலின் இருக்கிற சீனியை எல்லாம் கீழே இறக்கிவிடும். இந்த வகையில் ஒரே ஒரு குளிசை போதும், ஒன்றரை இரண்டு வயதுப் பிள்ளைக்கு வலிப்பு வரவும், மூளை பாதிக்கப்படவும், உயிர் போகவும்.

இதில் மிக மோசமான விடயம் நேரம். சீனி இறங்குவது அநேகமாக முதல் 8 மணித்தியாலத்துக்குள் நடக்கும், ஆனால் சில பிள்ளைகளில் 12, 16 மணித்தியாலம் கழித்தும் இறங்கியிருக்கிறது, அதிலும் நடுவில் பாலோ பிஸ்கட்டோ கொடுத்திருந்தால் அது இறக்கத்தைக் கொஞ்ச நேரம் மறைத்துவிடும். பகலில் ஓடித் திரிந்த பிள்ளை இரவு எதுவும் சாப்பிடாமல் நித்திரை கொள்ளும் நேரத்தில்தான் சீனி இறங்கும், வியர்க்கும், உடம்பு சோரும், பக்கத்தில் படுத்திருக்கும் அம்மா "நல்லா நித்திரை கொள்ளுறான்" என்று நினைப்பார். அதனால்தான் ஓர் இரவு தாண்டும் வரை, 18 முதல் 24 மணித்தியாலம் வரை, வைத்தியசாலையில் வைத்துப் பார்க்கிறார்கள். வந்தவுடன் பார்த்த சீனி சரியாக இருந்தது என்றால் அந்த நிமிடத்தில் சரியாக இருந்தது என்பது மட்டுமே அதன் அர்த்தம். இறங்கினால் உடனே நாளம் வழியாகக் குளுக்கோஸ் ஏற்றலாம், தேவைப்பட்டால் இன்சுலின் சுரப்பையே அடக்கும் ஒக்ட்ரியோடைட் என்ற மருந்தும் இருக்கிறது. வீட்டில் குளுக்கோமீட்டர் இருக்கிறதே, நாங்களே பார்த்துக்கொள்வோம் என்று தயவுசெய்து நினைக்க வேண்டாம். மீட்டர் இருந்தாலும் ஏற்றுவதற்கு மருந்து வேண்டும், ஏற்றத் தெரிந்த கை வேண்டும்.

அடுத்தது உங்கள் இரண்டாவது கேள்வி. எல்லா விஷத்தையும் காட்டும் ஒற்றைப் பரிசோதனை என்று ஒன்று கிடையாது. இது பலருக்கு ஏமாற்றமாக இருக்கும், தொலைக்காட்சித் தொடர்களில் ஒரு துளி இரத்தத்தை இயந்திரத்தில் வைத்தால் விஷத்தின் பெயரே வந்துவிடுகிறது, உண்மையில் அப்படி வராது. சிறுநீரில் செய்யும் மருந்துப் பரிசோதனை ஒன்று இருக்கிறது, அது பெரும்பாலும் போதைப்பொருள்களுக்காகச் செய்யப்பட்டது. கஞ்சா, கொக்கெய்ன், அம்பெட்டமின், ஓபியம் வகை, சில தூக்க மருந்துகள் என்று குறிப்பிட்ட சில குடும்பங்களை மட்டும் தேடும். அம்மம்மாவின் சீனிக் குளிசையையோ அப்பப்பாவின் பிரஷர் குளிசையையோ இரும்புக் குளிசையையோ அது கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. அதில் எதுவும் இல்லை என்று வந்ததை நம்பிப் பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கிளிக்கிளசைட்டை இரத்தத்தில் கண்டுபிடிக்கும் விசேட ஆய்வுகூடங்கள் உலகில் இருக்கின்றன, ஆனால் முடிவு வருவதற்குள் பிள்ளை ஒன்றில் தப்பியிருக்கும், அல்லது தப்பியிருக்காது.

சரி, அப்படியானால் உபயோகமான பரிசோதனைகள் எவை? விரலில் குத்திப் பார்க்கும் சீனி, ஈசிஜி, பரசிட்டமோல் அளவு, சில வேளை இரும்பு அளவு, இரத்தத்தின் அமிலத்தன்மை, உப்புகள், ஈரல் பரிசோதனை. என்ன மருந்து என்று தெரிந்த பிறகே இவற்றில் எதை, எத்தனை மணிக்குச் செய்வது என்று முடிவு செய்ய முடியும். அதற்கு வைத்தியர் நம்பியிருப்பது உங்களை. என்ன குளிசை, எத்தனை இருந்தது, எத்தனை மிச்சம், கடைசியாகப் பிள்ளையை நல்லபடி பார்த்தது எத்தனை மணிக்கு, பிள்ளையின் நிறை எவ்வளவு என்ற விவரங்களைச் சரியாகச் சொல்லும் ஒரு தாய் எந்த ஆய்வுகூடத்தையும் விட வேகமாகப் பிள்ளையைக் காப்பாற்றுகிறார்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தந்தை:

மூன்று வயது மகள் பரசிட்டமோல் பாணியைப் போத்தலோடு வாயில் வைத்துக் குடித்துவிட்டாள். அரை மணித்தியாலத்துக்குள் வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்விட்டோம். அங்கே "நாலு மணித்தியாலம் போகட்டும், அப்புறம்தான் இரத்தம் எடுப்போம்" என்றார்கள். நாங்கள் அடித்துப் பிடித்து ஓடியது எதற்கு? இது அலட்சியம் இல்லையா?

பதில்: உங்கள் கோபம் எனக்கு நன்றாக விளங்குகிறது, கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கச் சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும். ஆனால் அந்த நாலு மணித்தியாலத்துக்கு ஒரு காரணம் உண்டு.

பரசிட்டமோலின் பெரும் பகுதியை ஈரல் பத்திரமாக வெளியேற்றிவிடும். சிறு பகுதி மட்டும் நச்சுப் பொருளாக மாறும், ஈரலில் இருக்கும் குளுட்டதயோன் என்ற பொருள் அதைப் பிடித்து அடக்கும். அளவு மிஞ்சினால் குளுட்டதயோன் தீர்ந்துபோகும், பிறகு அந்த நச்சு ஈரலையே தாக்கத் தொடங்கும். இதெல்லாம் சத்தமில்லாமல் நடக்கும். முதல் நாள் கொஞ்சம் வாந்தி வரலாம், ஒன்றுமே வராமலும் இருக்கலாம். ஈரல் பழுதாவது தெரியவருவது இரண்டாம் மூன்றாம் நாளில். ஆகவே பிள்ளையின் முகத்தைப் பார்த்து எதையும் தீர்மானிக்க முடியாது, இரத்தத்தில் அளவைப் பார்த்தே ஆக வேண்டும்.

அந்த அளவை எதனோடு ஒப்பிடுவது? 1975இல் ருமாக், மத்தியூ என்ற இருவர் வெளியிட்ட ஒரு வரைபடத்தோடு. மருந்து உட்கொண்டு எத்தனை மணித்தியாலம் என்பது ஒரு பக்கம், இரத்தத்தில் எவ்வளவு என்பது இன்னொரு பக்கம், நடுவில் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே என்றால் நச்சை முறிக்கும் மாற்று மருந்து. அந்தக் கோடு தொடங்குவதே நாலாவது மணித்தியாலத்தில்தான், ஏனென்றால் அதற்கு முன் மருந்து இன்னும் குடலிலிருந்து இரத்தத்துக்கு ஏறிக்கொண்டிருக்கும். அரை மணித்தியாலத்தில் எடுத்த இரத்தத்தில் வரும் எண் உங்களை வீணாகப் பயமுறுத்தலாம், அல்லது பொய்யாக ஆறுதல் சொல்லலாம். பாணி மருந்து சீக்கிரம் ஏறிவிடும் என்பதால் அவுஸ்திரேலியா போன்ற இடங்களில் சிறு பிள்ளைகளுக்கு இரண்டு மணித்தியாலத்திலேயே ஒரு தரம் பார்க்கும் வழக்கமும் இருக்கிறது. கோட்டை எங்கே வைப்பது என்பதும் நாட்டுக்கு நாடு மாறும்: நாலாம் மணித்தியாலத்தில் லீற்றருக்கு 150 மில்லிகிராம் என்பது பல இடங்களில், பிரித்தானியாவில் 2012 முதல் 100.

காத்திருந்ததால் உங்கள் மகளுக்கு நட்டம் ஏதும் இல்லை. மாற்று மருந்தான அசிட்டைல்சிஸ்டீனை விழுங்கிய 8 மணித்தியாலத்துக்குள் தொடங்கிவிட்டால் அது ஈரலைக் கிட்டத்தட்ட முழுமையாகக் காப்பாற்றுகிறது. நாலில் இரத்தம் எடுத்து, முடிவு வந்து, மருந்து தொடங்க நேரம் இருக்கிறது. முடிவு வரத் தாமதமாகி 8 மணித்தியாலம் தாண்டும் போலிருந்தால் முடிவுக்குக் காத்திராமலே மருந்தைத் தொடங்க வேண்டும், இதை நீங்கள் கேட்கலாம், கேட்பதில் தவறே இல்லை. ஓடிப்போனதும் வீண் போகவில்லை. விழுங்கி ஒரு மணித்தியாலத்துக்குள் போனால் சில மருந்துகளுக்குக் கரித்தூள் கொடுத்து உறிஞ்ச வைக்கலாம், நேரத்தைச் சரியாகக் குறித்துக்கொள்ளலாம், வேறு ஏதும் சேர்ந்து உள்ளே போயிருக்கிறதா என்றும் பார்க்கலாம்.

எவ்வளவு குடித்தால் ஆபத்து என்றும் கேட்டிருந்தீர்கள். ஒரே தரத்தில் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 150 மில்லிகிராமைத் தாண்டினால் கவலைப்பட வேண்டும் என்பது பொதுவான கணக்கு. பத்துக் கிலோப் பிள்ளைக்கு 1500 மில்லிகிராம், அதாவது பெரியவர்களின் 500 மில்லிகிராம் குளிசை மூன்று. 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் இருக்கும் பாணி என்றால் 60 மில்லிலீற்றர் போத்தல் முழுவதும் குடித்தால் இந்த அளவுக்குக் கிட்ட வரும். ஆனால் 250 மில்லிகிராம் இருக்கும் பாணியும் இருக்கிறது, அதில் அரைப் போத்தலே போதும். கைக்குழந்தைக்குச் சொட்டாகக் கொடுக்கும் மருந்து இன்னும் செறிவானது. போத்தலைக் கொண்டுபோகச் சொல்வது இதற்காகத்தான்.

இதைவிட எனக்குப் பயம் தருவது ஒன்று இருக்கிறது, கொழும்பில் டெங்கு வரும் மாதங்களில் இது நடக்கும். காய்ச்சல் இறங்கவில்லை என்று அம்மா ஒரு தரம் பாணி கொடுப்பார், அவர் கொடுத்தது தெரியாமல் அப்பம்மா ஒரு தரம் கொடுப்பார், தடிமனுக்கு வாங்கிய மருந்திலும் பரசிட்டமோல் கலந்திருக்கும். இப்படி இரண்டு மூன்று நாள் போனால், ஒரேயடியாக ஒரு போத்தலைக் குடித்த பிள்ளையை விட இந்தப் பிள்ளை மோசமான நிலைக்குப் போகலாம், அதுவும் டெங்கு ஏற்கெனவே ஈரலைத் தொட்டிருக்கும் நேரத்தில். மேலே சொன்ன வரைபடம் இந்தப் பிள்ளைக்குப் பொருந்தாது, ஏனென்றால் எந்த மணியிலிருந்து எண்ணுவது? ஈரல் பரிசோதனைகளையும் அளவையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். ஒரு தரத்துக்கு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஒரு நாளில் நாலு தரத்துக்கு மேல் வேண்டாம், கொடுத்த நேரத்தை ஒரு கடதாசியில் எழுதிக் குளிர்சாதனப்பெட்டியில் ஒட்டுங்கள். தேநீர்க் கரண்டியால் அளக்க வேண்டாம், ஒவ்வொரு வீட்டுக் கரண்டியும் ஒவ்வொரு அளவு. டெங்கு என்று சந்தேகம் இருந்தால் இபுபுரோபன், அஸ்பிரின், மெபனமிக் அசிட் எதையும் தொடவே வேண்டாம்.

மட்டக்குளியிலிருந்து ஒரு தாய்:

என் இரண்டரை வயது மகள் ஒரு பின்னேரம் எழுப்ப எழுப்ப எழும்பாமல் கிடந்தாள். தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே "வீட்டில் யார் யார் என்ன மருந்து பாவிக்கிறீர்கள், வேறு ஏதும் பாவிப்பவர்கள் இருக்கிறார்களா" என்று என்னையும் கணவரையும் தனித்தனியாகக் கேட்டார்கள். குற்றவாளி மாதிரி நின்றேன். தம்பி நோவுக்கு ஒரு குளிசை போடுகிறவன், அதை அந்த நேரம் சொல்லவும் கூச்சமாக இருந்தது. பிள்ளை இப்போது சுகம். ஆனால் இப்படிக் கேட்கலாமா?

பதில்: கேட்கத்தான் வேண்டும் தங்கச்சி, கேட்காமல் விட்டிருந்தால்தான் நான் கோபப்பட்டிருப்பேன்.

காரணம் தெரியாமல் ஒரு சின்னப் பிள்ளை திடீரென்று மயங்கினால், வலிப்பு வந்தால், தள்ளாடி நடந்தால், மருந்து ஏதும் உள்ளே போயிருக்குமோ என்று வைத்தியர் நினைக்க வேண்டும். தம்பி போடுவது டிரமடோல் போன்ற நோவுக் குளிசை என்று வைத்துக்கொள்வோம். அது பிள்ளையின் மூச்சையே அடக்கும், வலிப்பையும் வரவழைக்கும். சிறுநீர்ப் பரிசோதனையில் பிடிபடும் என்று இருக்கவும் முடியாது, ஓபியம் வகையைத் தேடும் சாதாரணப் பரிசோதனை டிரமடோலைப் பெரும்பாலும் தவறவிட்டுவிடும். மறுபக்கத்தில், இல்லாத ஒன்றை இருப்பதாகக் காட்டும் சந்தர்ப்பமும் உண்டு. ஆகவே "தம்பி இந்தக் குளிசை போடுகிறவர்" என்ற ஒரு வசனம் அந்த அறையில் எந்த அறிக்கையை விடவும் பெறுமதி கூடியது. அதைக் கேட்டவுடன் மூச்சைத் திருப்பிக் கொண்டுவரும் நலொக்சோனை எடுக்க முடியும்.

மனச்சோர்வுக்கும் நித்திரைக்கும் கொடுக்கும் குளிசைகளைச் சொல்லவும் பலர் வெட்கப்படுகிறார்கள். அமிட்ரிப்டிலின் என்று ஒன்று இருக்கிறது, தலையிடிக்கும் நரம்பு நோவுக்கும்கூடக் கொடுப்பார்கள், சிறு பிள்ளைக்கு ஒன்றிரண்டு குளிசையே இதயத் துடிப்பைக் குழப்பிவிடும். அதை ஈசிஜியில் பார்க்கலாம், நேரத்தோடு கண்டால் சோடியம் பைகார்பனேட் கொடுத்துத் திருத்தலாம். ஆனால் ஈசிஜியை உடனே எடுக்க வேண்டும் என்ற எண்ணம் வைத்தியருக்கு வர வேண்டுமே, அது நீங்கள் சொல்வதிலிருந்துதான் வரும். குடும்ப மானம், கணவர் வீட்டார் என்ன நினைப்பார்கள், பொலிசுக்குப் போகுமோ என்ற யோசனைகளையெல்லாம் வாசலிலேயே விட்டுவிட்டுப் போங்கள். எல்லோர் முன்னாலும் சொல்ல முடியாவிட்டால் நேர்ஸிடம் "கொஞ்சம் தனியாகக் கதைக்க வேண்டும்" என்று கேளுங்கள், ஏற்பாடு செய்வார்கள்.

தெஹிவளையிலிருந்து ஒரு வாசகி:

எங்கள் உம்மா காலத்தில் பிள்ளை எதையாவது விழுங்கினால் உப்புத் தண்ணீர் கரைத்துக் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பார்கள். இப்போதும் அதைச் செய்யலாமா? வைத்தியசாலைக்குப் போகுமுன் வீட்டில் என்ன கொடுக்கலாம்?

பதில்: எதுவும் கொடுக்க வேண்டாம். உப்புத் தண்ணீர் வேண்டவே வேண்டாம், அந்த உப்பே சிறு பிள்ளையின் இரத்தத்தில் ஏறி மூளையைப் பாதித்து உயிரை எடுத்திருக்கிறது. தொண்டையில் விரல் விடுவது, புளி, முட்டை வெள்ளை, எண்ணெய் எல்லாமே அப்படித்தான். முன்பு வாந்தி எடுக்க வைப்பதற்கென்றே ஐபெக்காக் என்ற பாணி விற்கப்பட்டது, அதையும் வீட்டில் வைத்திருக்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2003இல் சொல்லிவிட்டது. வாந்தி எடுப்பதால் மருந்து முழுவதும் வெளியே வருவதில்லை, மயக்கம் வரும் பிள்ளைக்கு அது மூச்சுக்குழாய்க்குள் போகும். மண்ணெண்ணெய் குடித்த பிள்ளைக்கு வாந்தி இன்னும் ஆபத்து, நுரையீரல்தான் பழுதாகும்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வாயில் மிச்சம் இருந்தால் விரலால் வழித்து எடுங்கள். மயங்கியிருந்தால் இடது பக்கம் சரித்துப் படுக்க வையுங்கள், 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசம். பிள்ளை நன்றாக இருந்தாலும் கிளம்புங்கள். கொழும்பில் என்றால் பொரளை சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை எல்லோருக்கும் தெரிந்த இடம், ஆனால் நெரிசலில் தூரம் போக வேண்டியிருந்தால் கிட்டிய அரச வைத்தியசாலைக்கே முதலில் போங்கள். அங்கிருக்கும் வைத்தியர்களுக்குத் தேவையானால் கொழும்பு தேசிய வைத்தியசாலையிலுள்ள தேசிய நச்சுத் தகவல் நிலையத்திடம் கேட்டுக்கொள்ளவும் முடியும். போகும்போது குளிசை அட்டை, போத்தல், கடதாசி உறை, நிலத்தில் கிடந்த துண்டுகள், கிளினிக் கொப்பி எல்லாவற்றையும் ஒரு பையில் அள்ளிப் போடுங்கள். பிள்ளை வாந்தி எடுத்திருந்தால் அதில் குளிசை தெரிந்ததா என்று பார்த்து வையுங்கள். இரண்டு பிள்ளைகள் சேர்ந்து விளையாடிய இடம் என்றால் இரண்டு பேரையும் கொண்டுபோங்கள், காணாமல் போன குளிசை முழுவதையும் ஒவ்வொருவரும் தனியே விழுங்கியதாகவே கணக்கு வைப்பார்கள். அது சரியான கணக்கு.

வத்தளையிலிருந்து ஒரு கர்ப்பிணித் தாய்:

கிளினிக்கில் தரும் இரும்புக் குளிசை வீட்டில் நிறையச் சேர்ந்துவிட்டது. சத்துக் குளிசைதானே, மூத்தவன் எடுத்தாலும் பெரிதாக ஒன்றும் வராது என்கிறார் மாமியார். சரியா?

பதில்: மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், அது சரியில்லை. சத்துக் குளிசை என்ற எண்ணத்தாலேயே அதை மேசையில் திறந்த இடத்தில் வைத்துவிடுகிறோம். 200 மில்லிகிராம் பெரஸ் சல்பேட் குளிசை ஒன்றில் சுமார் 65 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. கிலோவுக்கு 20 மில்லிகிராம் தாண்டினால் வயிற்றைப் புண்ணாக்கும், 60 தாண்டினால் உயிருக்கே ஆபத்து. பத்துக் கிலோப் பிள்ளைக்கு முதலாவது எல்லை மூன்று குளிசை, இரண்டாவது ஒன்பது பத்து. நிறம் பூசிய, இனிப்பு மாதிரி இருக்கும் குளிசையைப் பத்து விழுங்கப் பிள்ளைக்கு அதிக நேரம் ஆகாது.

இரும்பு விடயத்தில் எக்ஸ்ரே உதவும், வயிற்றுக்குள் குளிசைகள் வெள்ளையாகத் தெரியும், எண்ணிக்கூடப் பார்க்கலாம். கரைந்துவிட்டால் தெரியாது, பாணியாகக் குடித்திருந்தாலும் தெரியாது, ஆகவே எக்ஸ்ரேயில் இல்லை என்பதால் விழுங்கவில்லை என்று முடிவு கட்டுவதில்லை. இரத்தத்தில் இரும்பின் அளவை 4 முதல் 6 மணித்தியாலத்துக்குள் பார்ப்பார்கள், அதற்குப் பிறகு அது இரத்தத்தை விட்டு உறுப்புகளுக்குள் போய்விடுவதால் எண் குறைந்து காட்டும். கரித்தூள் இரும்பைப் பிடிக்காது. தலசீமியாப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் டெஸ்பெரியொக்சமின்தான் இங்கேயும் மாற்று மருந்து. முக்கியமான ஒன்று: வாந்தியும் வயிற்றோட்டமும் ஆறேழு மணித்தியாலத்தில் நின்று பிள்ளை தேறியது போலத் தெரியும் ஒரு கட்டம் இருக்கிறது, அதை நம்பி வீட்டுக்குப் போகக் கேட்காதீர்கள், மோசமான கட்டம் அதற்குப் பிறகும் வரலாம். வீட்டுக்கு வந்து சில கிழமை கழித்துப் பிள்ளை திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலும் கொண்டுபோய்க் காட்டுங்கள், இரைப்பையில் ஆறிய புண் வழியைச் சுருக்கியிருக்கக்கூடும்.

சேர்ந்துபோன குளிசைகளை அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது மிட்வைஃபிடம் சொல்லுங்கள், தேவையானதை மட்டும் வாங்கலாம்.

பம்பலப்பிட்டியிலிருந்து ஒரு வாசகர்:

கற்பூரத்தைப் பிள்ளை வாயில் போட்டால் ஏதும் நடக்குமா? நோ எண்ணெய்?

பதில்: நடக்கும். கற்பூரம் சில நிமிடத்திலேயே வலிப்பைக் கொண்டுவரலாம், ஒரு கிராமே சிறு பிள்ளையின் உயிரை எடுத்த சம்பவங்கள் மருத்துவ நூல்களில் பதிவாகியிருக்கின்றன. கற்பூரப் பெட்டியைச் சாமி அறையில் கீழ்த்தட்டில் வைக்க வேண்டாம். நோவுக்குப் பூசும் எண்ணெய்களில் வின்டர்கிரீன் எண்ணெய் சேர்ந்தவை உண்டு, தூய வின்டர்கிரீன் எண்ணெய் ஒரு தேக்கரண்டியில் இருக்கும் சாலிசிலேட் (அஸ்பிரின் இனத்துப் பொருள்) 300 மில்லிகிராம் அஸ்பிரின் குளிசைகள் இருபதில் இருப்பதை விடவும் கூட. இதற்கு இரத்த அளவை ஒரு தரம் பார்த்தால் போதாது, இறங்கத் தொடங்கும் வரை சில மணித்தியாலத்துக்கு ஒரு தரம் திரும்பப் பார்க்க வேண்டும்.

தெமட்டகொடையிலிருந்து ஒரு பாட்டனார்:

எனக்கும் மனைவிக்கும் சேர்த்து ஒன்பது வகைக் குளிசை. கிளினிக்கில் கடதாசி உறையில் போட்டுத் தருகிறார்கள். பேரப்பிள்ளை சனி ஞாயிறு வருவான். பிள்ளைகள் திறக்க முடியாத மூடி போட்ட போத்தல் வாங்கி அதில் போட்டு வைக்கட்டுமா? எனக்குக் கைநடுக்கம், திறப்பதும் கஷ்டம்.

பதில்: ஐயா, கேட்டதற்கு நன்றி, இந்த யோசனை எல்லா வீட்டிலும் வர வேண்டும். அழுத்தித் திருப்பும் அந்த மூடியை 1967இல் கனடாவின் வின்ட்சர் நகரில் ஹென்றி பிரோ என்ற குழந்தை மருத்துவர் முன்னின்று கொண்டுவந்தார், 1970இல் அமெரிக்கா அதைச் சட்டமாக்கியது, அதனால் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் ஏராளம். ஆனால் அந்த மூடியை எப்படிச் சோதிக்கிறார்கள் தெரியுமா? மூன்றரை முதல் நாலே கால் வயதுவரையான பிள்ளைகளிடம் போத்தலைக் கொடுத்து ஐந்து நிமிடம் விடுவார்கள், பிறகு எப்படித் திறப்பது என்று ஒரு தரம் காட்டிவிட்டு இன்னும் ஐந்து நிமிடம். நூற்றுக்கு எண்பது பிள்ளைகள் திறக்காமல் இருந்தால் மூடி பரீட்சையில் பாஸ். மீதி இருபது பேர் திறந்திருக்கலாம். அது பிள்ளையைத் தாமதப்படுத்தும், அந்தத் தாமதத்தில் நீங்கள் கண்டுவிட வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை.

ஆகவே உங்கள் கைக்கு அந்த மூடி கஷ்டம் என்றால் வருந்த வேண்டாம். கஷ்டம் என்று பலர் மூடாமலே வைத்துவிடுகிறார்கள், அது இன்னும் மோசம். பூட்டுள்ள ஒரு பெட்டியையோ அலுமாரியையோ ஏற்பாடு செய்யுங்கள், திறப்பு உங்கள் கழுத்திலோ இடுப்பிலோ இருக்கட்டும். உயரமான தட்டு மட்டும் போதாது, பிள்ளை கதிரையை இழுத்து ஏறுவான். கட்டில் தலைமாடு, லாச்சி, கிழமைக்கு ஏழு நாளுக்கும் பிரித்துப் போடும் பெட்டி எல்லாம் அவனுக்கு எட்டும் இடங்கள். குளிசை போடுவதை அவன் முன்னால் செய்ய வேண்டாம், பார்த்ததைச் செய்வான். மருந்தை இனிப்பு என்று சொல்லிக் கொடுக்கவும் வேண்டாம்.

உறைகளை ஒன்றில் ஒன்று கலக்காமல் வையுங்கள், அதன் மேல் மருந்தின் பெயரைப் பெரிய எழுத்தில் யாரையாவது எழுதச் சொல்லுங்கள், கிளினிக்கில் எழுதித் தருவது சில வேளை வாசிக்கவே முடியாது. கிளினிக் கொப்பியின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து மகளின் கைபேசியிலும் மருமகனின் கைபேசியிலும் அனுப்பி வையுங்கள், மருந்து மாறும்போது புதிய படம். நீங்கள் அவர்கள் வீட்டுக்குப் போகும் நாளில் உங்கள் மனைவியின் கைப்பைக்குள் ஒரு நாள் குளிசை இருக்கும் அல்லவா, அந்தப் பையைக் கதிரையில் வைக்காமல் போனவுடன் மகளிடம் கொடுத்துப் பூட்டி வைக்கச் சொல்லுங்கள்.